ஆய்வு நிதி எந்தப் பெயரில் இருக்கிறது? பொருளறிவியல்காரர்களுக்குச் சில வார்த்தைகள்

பிஎச்.டி. முடிக்கிற கட்டத்தில் இருப்பவர்களும் புதிதாக ஆய்வகம் தொடங்கியவர்களும் என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “மெட்டீரியல்ஸ் சயின்ஸுக்கு யார் யார் ஃபண்டிங் தருகிறார்கள்?” நாலைந்து அமைப்புகளின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். அவர்களும் அந்த இணையதளங்களுக்குப் போய், தேடல் பெட்டியில் ‘மெட்டீரியல்ஸ்’ என்று அடித்து, வருகிற அறிவிப்புகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நமக்கு ஏற்றது எதுவும் இல்லை என்று மூடிவிடுவார்கள். நல்ல யோசனையும் கைத்திறனும் உள்ளவர்கள் இப்படி ஒரு வருடத்தைத் தொலைப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பொருளறிவியல் என்று பெயர்ப்பலகை மாட்டிய நிதி உலகத்தில் குறைவு. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் பொருள் ஆய்வுக்கென்றே ஒரு பிரிவு பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. செராமிக், உலோகம், பாலிமர், உயிரிப்பொருள், மின்னணுப் பொருள் என்று அதற்குள் தனித்தனித் திட்டங்கள். அப்படி ஒரு பிரிவு இருப்பது பெரிய வசதி. எல்லா இடத்திலும் அது கிடையாது. பெரும்பாலான பணம் எரிசக்தி, மருத்துவம், குடிநீர், விமானம், பாதுகாப்பு, மறுசுழற்சி, பழம்பொருள் பராமரிப்பு என்ற பெயர்களில்தான் ஒதுக்கப்படுகிறது. ஒரு பொருள் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறதோ அந்தச் சிக்கலின் பெயரில் பணம் இருக்கும். ஆகவே தேடலைத் தொடங்குமுன் செய்ய வேண்டிய வேலை, நம் ஆய்வுக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது.

நான் ஆக்சைடு செராமிக் பக்கம் வேலை செய்கிறவன் என்பதால் சிர்கோனியாவையே எடுத்துக்கொள்கிறேன். சிர்கோனியம் ஆக்சைடில் யிட்ரியா என்ற இன்னொரு ஆக்சைடைக் கொஞ்சம் கலந்த வெள்ளைத் தூள். யிட்ரியா 8 மோல் சதவீதம் அளவுக்குச் சேர்த்தால், உயர்ந்த வெப்பநிலையில் ஆக்சிஜன் அயனிகள் அதன் ஊடாக ஓடும். எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் திட ஆக்சைடு எரிபொருள் கலத்தில், அயனிகளைக் கடத்தும் நடு அடுக்கான எலக்ட்ரோலைட்டாக இருப்பது அதுதான். அதே கலத்தைத் திருப்பி ஓட்டினால் நீராவியிலிருந்து ஹைட்ரஜன் கிடைக்கும். யிட்ரியாவை 3 மோல் சதவீதமாகக் குறைத்தால் பொருளின் குணமே மாறிவிடும். விரிசலின் முனையில் இருக்கும் படிகங்கள் வேறொரு அமைப்புக்கு மாறி, கனஅளவு பெருத்து, விரிசலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பல் மருத்துவர்கள் போடும் வெள்ளை ‘கேப்’ பலவும் இந்த வகைதான். ஜெட் என்ஜினின் டர்பைன் பிளேடுகள் மேல் வெப்பத்தைத் தடுக்கும் பூச்சும் யிட்ரியா கலந்த சிர்கோனியாதான். கார் புகைக்குழாயில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சென்சாரிலும் இதே பொருள் இருக்கிறது.

இப்போது ஒரு மாணவி, ‘சிர்கோனியாவின் கட்ட நிலைத்தன்மையில் மாசணுக்களின் விளைவு’ என்று தலைப்பு வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கலக்கிற வேற்று அணுக்கள் பொருளின் படிக அமைப்பை எப்படி நிலைநிறுத்துகின்றன என்பதுதான் அதன் அர்த்தம். தலைப்பில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் எந்த நிதியமைப்பின் அறிவிப்பிலும் இந்தச் சொற்கள் வராது. எரிசக்தி அமைப்பு கேட்பது, ஆயிரம் மணி நேரம் ஓடினால் கலத்தின் மின்னழுத்தம் எவ்வளவு விழும், இயங்கும் வெப்பநிலையை எவ்வளவு இறக்கலாம் என்பது. விமானத் துறைக்கு வேறு கவலை. என்ஜின் உறிஞ்சும் தூசியும் மணலும் சூட்டில் கண்ணாடி போல உருகி, பூச்சுக்குள் இறங்கி அதை உரித்துவிடுகின்றன. மருத்துவப் பக்கம் போனால் ஈரத்தில் பொருள் மூப்படைவதுதான் கேள்வி. 2001இல் சிர்கோனியா இடுப்பு மூட்டுப் பந்துகள் சில தொகுதிகளில் உடைந்ததால் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். அன்றிலிருந்து அந்தத் துறை இந்தக் கேள்வியை விடவே இல்லை. மூன்றுக்கும் அடியில் இருப்பது அந்த மாணவி செய்கிற கட்ட நிலைத்தன்மைதான். ஆனால் மூன்று இடத்திலும் மூன்று விதமாகப் பேச வேண்டும்.

பெயரை மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. பல் செராமிக்குக்கு விண்ணப்பம் எழுதிவிட்டு, மெல்லும் விசை லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப விழுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், படிக்கிற ரிவ்யூவர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பக்கத்து ஆள் ஒருவரை உண்மையாகவே கூட்டுச் சேர்க்க வேண்டும். அவருடைய பெயரைக் கடைசி வாரத்தில் கேட்டு வாங்கிப் போடுவதில் பயனில்லை. சோதனையைத் திட்டமிடும்போதே அவர் கூட இருக்க வேண்டும். இதற்கு ஆறு மாதமாவது பிடிக்கும். பிடிக்கட்டும். அப்படி வந்த நட்புகள்தான் பிறகு பத்து வருடம் நிற்கின்றன.

ஒரே அமைப்புக்குள்ளும் இந்தப் பெயர்ச் சிக்கல் உண்டு. ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சிலில் பொருள் சம்பந்தமான விண்ணப்பத்தைத் திண்மநிலை இயற்பியல் குழுவுக்கு அனுப்பலாம், செயற்கை வேதியியலும் பொருட்களும் சேர்ந்த குழுவுக்கு அனுப்பலாம், பொருள் பொறியியல் என்று 2021இல் புதிதாகச் சேர்த்த குழுவுக்கும் அனுப்பலாம். தேர்வு நம் கையில்தான். முதல் சுற்றில் அந்தக் குழுவினர் சுருக்கப் பகுதியை மட்டும் வைத்தே முடிவெடுப்பார்கள். இயற்பியல்காரர்கள் நிறைந்த மேசையில் ‘புதிய தொகுப்பு முறை’ (பொருளைத் தயாரிக்கும் புது வழி) என்று பெருமைப்பட்டால், இதில் புதுப் பௌதிகம் எங்கே என்று கேட்பார்கள். வேதியியல் மேசையில் அதையே தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். முந்தைய ஆண்டுகளின் குழு உறுப்பினர் பட்டியல் வெளியாகியிருக்கும். அதை எடுத்து, அவர்கள் எந்த மாதிரி வேலை செய்கிறவர்கள் என்று ஒரு மாலை நேரம் செலவழித்துப் பாருங்கள். யாரையும் தொடர்புகொள்வதற்காகச் சொல்லவில்லை, அது கூடவே கூடாது. எந்த மொழியில் பேசினால் அந்த மேசைக்குப் புரியும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

அப்புறம், நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிற ஒரு விஷயம். அறிவிப்புகளைப் படிப்பதைவிட, ஏற்கெனவே கொடுத்த நிதிகளின் பட்டியலைப் படியுங்கள். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை கொடுத்த ஒவ்வொரு நிதிக்கும் சுருக்கம், தொகை, ஆண்டு எல்லாவற்றையும் பொதுவில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத் திட்டங்களுக்கு ‘கோர்டிஸ்’, ஜெர்மன் ஆய்வுக் கழகத்துக்கு ‘கெப்ரிஸ்’, ஜப்பானுக்கு ‘காகென்’, பிரிட்டனுக்கு ‘கேட்வே டு ரிசர்ச்’ இருக்கின்றன. எல்லாமே இலவசம். அறிவிப்பில் என்ன வேண்டும் என்று சொல்வார்கள். எதற்குக் காசு கொடுத்தார்கள் என்பது இந்தப் பட்டியலில்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவே சில சமயம் நல்ல தூரம் இருக்கும்.

எப்படிப் படிப்பது என்றும் சொல்கிறேன். உங்கள் பொருளின் பெயரைப் போட்டு கடைசி ஐந்து வருடத்தைத் தேடுங்கள். முதலில் தொகையைப் பாருங்கள். ஒரு திட்டத்தில் கொடுத்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால், அதைப்போல இரண்டு மடங்கு கேட்டு எழுதுவது வீண்வேலை. அடுத்து, சுருக்கத்தின் முதல் இரண்டு வாக்கியம். பொருளின் பெயர் அங்கே வருகிறதா, மூன்றாவது நான்காவது வாக்கியத்தில் வருகிறதா? நான் பார்த்தவரை, சிக்கலைச் சொல்லி, இன்றைக்கு ஏன் அது தீரவில்லை என்று சொல்லி, அதற்கப்புறம்தான் பொருளுக்கு வருகிறார்கள். கடைசியாக, அந்த நிதியை எந்தத் திட்டம், எந்தப் பிரிவு கொடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேள்விப்பட்டே இராத இரண்டு மூன்று பெயர்களாவது அங்கே கிடைக்கும். உங்கள் தேடல் உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் கட்டுரைகளுக்கு அக்கம்பக்கமான கட்டுரைகளின் கடைசியில் வரும் நன்றிக் குறிப்பும் இதே வேலையைச் செய்யும். யார் பணம் கொடுத்தார்கள் என்று அங்கே திட்ட எண்ணோடு இருக்கும். எல்லோரும் தாண்டிப் போகிற வரி அது.

அமைப்புகளின் பெயர்களும் அடிக்கடி மாறும். பிரிட்டனில் தனித்தனியாக இருந்த ஆய்வுக் கவுன்சில்கள் 2018இல் ஒரே குடையின் கீழ் வந்தன. இந்தியாவில் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை, ‘செர்ப்’ (அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியம்) செய்துவந்த வேலையை எடுத்துக்கொண்டது. சீனியர் கொடுத்த பழைய பட்டியலை நம்பிப் போனால் பாதி இணைப்பு திறக்காது. இதில் வேறு சொல்ல ஒன்றும் இல்லை, வருடத்துக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எது ‘ட்ரெண்டில்’ இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் கடுமையாக இருக்கும். ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீனைத் தனித்துப் பிரித்துக் காட்டிய கட்டுரை 2004இல் வந்தது. நோபல் பரிசு 2010இல். ஐரோப்பா பத்தாண்டுக்கு 100 கோடி யூரோ என்று பெருந்திட்டம் தொடங்கியது 2013இல். அந்தப் பெருந்திட்டம் வரும் நேரத்தில், ஏற்கெனவே ஏழெட்டு வருடம் அதில் ஊறியவர்கள் வரிசையில் முன்னால் நிற்பார்கள். பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள பொருளால் செய்யும் சூரிய மின்கலமும் அப்படித்தான். 2009இல் 3.8 சதவீதத் திறனோடு வந்தது, பத்தே ஆண்டில் 25ஐத் தாண்டியது. இன்றைக்குப் போய் திறனை இன்னும் அரை சதவீதம் கூட்டுகிறேன் என்று எழுதினால் புதியவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஈரத்திலும் வெயிலிலும் அது ஏன் கெடுகிறது, உள்ளே இருக்கும் ஈயம் கசிந்தால் என்ன செய்வது, ஆயுள் முடிந்த தகட்டை எப்படிப் பிரித்தெடுப்பது என்ற கேள்விகளில் இன்னும் இடம் இருக்கிறது.

கூட்டம் சேருமுன் வாசலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆய்வு அறிவிப்புகளுக்கு முன்னால் வருகிற சட்டங்களையும் கொள்கை ஆவணங்களையும் படிப்பதுதான் அது. ஐரோப்பிய ஒன்றியம் 34 மூலப்பொருட்களை முக்கியமானவை என்று பட்டியலிட்டு, 2024இல் அதற்கு ஒரு சட்டமே கொண்டுவந்தது. உத்தி ரீதியில் முக்கியம் என்று குறித்த பொருட்களில் தங்கள் தேவையின் 25 சதவீதத்தை 2030க்குள் மறுசுழற்சியிலிருந்து பெறும் திறன் வேண்டும் என்பது அதில் ஓர் இலக்கு. பழைய காந்தங்களிலிருந்து நியோடிமியம், டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் உலோகங்களைப் பிரிக்கத் தெரிந்த ஒரு உலோகவியலாளருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய செய்தி! சட்டத்தில் எண் வந்துவிட்டால், அந்த எண்ணை எட்டுவதற்கான ஆய்வுக்குப் பணம் பின்னாலேயே வரும்.

இன்னொன்று. ஃபுளோரின் கலந்த, எளிதில் சிதையாத வேதிப்பொருட்களை மொத்தமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஐந்து ஐரோப்பிய நாடுகள் 2023இல் முன்மொழிந்தன. எரிபொருள் கலத்தில் பரவலாகப் பயன்படும் சவ்வு இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஃபுளோரின் இல்லாத பாலிமர் சவ்வு செய்துகொண்டிருந்தவர்களுக்கு, அதுவரை ‘சுமாரான மாற்று’ என்று பெயர் வாங்கியிருந்த வேலைக்கு, திடீரென்று ஒரு தேவை வந்தது. இப்படிப்பட்ட ஆவணங்கள் நீளமாக இருக்கும், சட்ட மொழியில் இருக்கும், படிக்க அலுப்புத்தான். ஆனாலும் படியுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வேன்.

ஓர் அறிவிப்பு பொருந்தும் போலத் தெரிந்தால் உடனே எழுத உட்காராதீர்கள். தகுதி விதிகளை முதலில் பாருங்கள். ஐரோப்பாவின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா-கியூரி போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு) நிதிக்கு, போகப்போகிற நாட்டில் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இது தெரியாமல் முன்கூட்டியே அந்த நாட்டுக்குப் போய் உட்கார்ந்து, தகுதியை இழந்தவர்கள் உண்டு. ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சிலின் இளநிலை நிதிகளில் பிஎச்.டி. வாங்கிய தேதியிலிருந்து கடிகாரம் ஓடும். குழந்தை பெற்ற பெண்களுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் கூட்டிக் கொடுக்கிறார்கள். காலம் முடிந்துவிட்டது என்று விட்டுவிடுகிற பெண்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதிர்ச்சி நிலையும் முக்கியம். நாசாவிலிருந்து வந்த தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோல் ஒன்றிலிருந்து ஒன்பது வரை போகும். மூன்று என்றால் கருத்து சோதனையில் வேலை செய்கிறது, நான்கு என்றால் ஆய்வகத்தில் சரிபார்த்தாயிற்று, ஐந்து என்றால் நிஜப் பயன்பாட்டை ஒத்த சூழலில் சரிபார்த்தாயிற்று. நாம் பெரும்பாலும் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில்தான் இருக்கிறோம். முடிவில் ஆறோ ஏழோ வேண்டும் என்கிற அறிவிப்புக்கு, நாணயம் அளவு வில்லை ஒன்றில் எடுத்த தரவை வைத்துக்கொண்டு போக முடியாது. கூடவே ஒரு தொழிற்சாலை வேண்டும்.

விதிகள் பொருந்தினால், அடுத்த வேலை அந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல். நிறையப் பேர் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். தொந்தரவு செய்கிறோமோ, சிபாரிசு கேட்பதாக நினைத்துவிடுவாரோ என்று. பல அமைப்புகளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவர்களுடைய வேலையின் ஒரு பகுதி. ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், என்ன செய்யப்போகிறேன், இது உங்கள் திட்டத்துக்குள் வருமா, இல்லையென்றால் எது பொருந்தும் என்று கேளுங்கள். ‘வராது, ஆனால் அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்கள்’ என்று வருகிற பதில் தங்கம்.

அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்குத் தெரிந்த நல்ல உதவி, ஜார்ஜ் ஹைல்மையர் வைத்த கேள்விகள். 1960களில் திரவப் படிகத் திரைகளை உருவாக்கிய குழுவில் முன்னின்றவர், பிறகு 1975 முதல் 1977 வரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான தார்பாவின் இயக்குநர். அதாவது, அவரும் ஒரு பொருளை வைத்துப் போராடிய ஆள்தான். என்ன செய்யப் பார்க்கிறீர்கள் என்பதைத் துறைச் சொல் இல்லாமல் சொல்ல வேண்டும். இன்று அது எப்படி நடக்கிறது, எங்கே முட்டி நிற்கிறது? உங்கள் வழியில் புதிது என்ன? அது கைகூடினால் யாருக்கு என்ன மாறும்? எவ்வளவு காலம், எவ்வளவு பணம், பாதி வழியில் சரியாகப் போகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பாதி வழிக் கேள்வியில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘மாதிரிகள் தயாரிக்கப்பட்டு ஆராயப்படும்’ என்பது பதில் ஆகாது. ‘பதினெட்டாவது மாதத்தில் 600 டிகிரியில் இந்த அளவு அயனிக் கடத்துத்திறன் வரவில்லையென்றால் இந்த மாசணுவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவோம்’ என்று எழுதினால், படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

கையில் காசே இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நிதி என்றால் பணம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், கருவி நேரமும் நிதிதான். பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரான் (மிக வலிமையான எக்ஸ்-கதிர்களைத் தரும் பெரிய கருவி) போன்ற இடங்களில் பீம்டைம், அதாவது அந்தக் கதிரைப் பயன்படுத்தும் நேரம், கேட்டு விண்ணப்பிக்கலாம். அறிவியல் தரத்தை வைத்துத் தேர்வு செய்வார்கள், முடிவை வெளியிடுகிற ஆய்வுக்குக் கட்டணம் கிடையாது. அமெரிக்க எரிசக்தித் துறை ஐந்து நானோ ஆய்வு மையங்களை இதே முறையில் நடத்துகிறது. பெர்க்லி, ஆர்கான், ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன், சாண்டியாவும் லாஸ் அலமோஸும் சேர்ந்து நடத்துவது ஒன்று. கருவியோடு, அதை இயக்கத் தெரிந்த விஞ்ஞானியும் கூட நிற்பார். ஜோர்டானில் 2017இல் திறந்த ‘செசமி’ சின்க்ரோட்ரானில் ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தையே இல்லாத நாடுகள்கூட உறுப்பினர்களாகச் சேர்ந்திருக்கின்றன.

பீம்டைம் விண்ணப்பம் சில பக்கங்கள்தான். முழு நிதி விண்ணப்பத்துக்கு அது நல்ல பயிற்சி. கிடைத்துவிட்டால், வெளியாட்கள் உங்கள் யோசனையைச் சோதித்து இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதே அடுத்த விண்ணப்பத்தில் ஒரு சான்று. வருகிற தரவு அதற்கான ஆரம்ப முடிவு. முதல் நிதிக்கு ஆரம்ப முடிவு வேண்டும், ஆரம்ப முடிவுக்கு நிதி வேண்டும் என்கிற சுழலிலிருந்து வெளியே வர, சிறிய ஆய்வகங்களுக்கு இதைவிடச் சரியான வழி எனக்குத் தெரியவில்லை.

நிறுவனப் பணம் வேகமாக வரும். வாங்குமுன் இரண்டை எழுத்தில் உறுதி செய்யுங்கள்: கட்டுரை வெளியிட எவ்வளவு காலம் தள்ளிப்போடச் சொல்வார்கள், காப்புரிமை யாருக்கு. மாணவரின் ஆய்வேடு அந்த ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டால் பாதிக்கப்படுவது மாணவர்தான்.

நிராகரிப்பு வரும். வந்ததும் சில நாள் அந்தக் கோப்பைத் திறக்காமல் இருப்பது நல்லது. அதன்பின், மறுபடி எப்போது அனுப்பலாம் என்று விதியைப் பாருங்கள். மேரி கியூரி நிதியில் அவர்கள் வைத்திருக்கும் எல்லைக்குக் கீழே மதிப்பெண் வந்தால் அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தோடு அனுப்ப முடியாது. ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சிலிலும் முதல் சுற்றில் தரம் குறைந்தால் காத்திருக்க வேண்டும். ஆகவே ‘சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்பது அங்கே விலை உள்ள முடிவு. ரிவ்யூவர் கருத்துகளில், ஒருவர் மட்டும் சொன்னதையும் இருவர் மூவர் தனித்தனியாகச் சொன்னதையும் பிரித்து வையுங்கள். இரண்டாவது வகையைத்தான் முதலில் திருத்த வேண்டும். ‘வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தத் திட்டத்துக்குப் பொருந்தவில்லை’ என்று வந்திருந்தால் சோதனைத் திட்டத்தில் கை வைக்காதீர்கள். அந்த அமைப்பின் வேறு எந்தப் பிரிவு இதே பொருளுக்குக் கொடுத்திருக்கிறது என்று நிதிப் பட்டியலில் தேடி, அந்தப் பிரிவின் அதிகாரிக்கு அந்த ஒரு பக்கத்தை அனுப்புங்கள்.